இருபத்து மூன்று பேருக்கு ஒரு முகம்

அளத்தடியில் ஆண்களுக்கெல்லாம் ஒரே முகம் வந்து சேர்ந்த அந்த வருஷம், மாசி பிறந்து நாலாம் நாள், பலவேசம் தன் மனைவி சந்தனமாரியையும் ஆறு வயது மகளையும் இரண்டு தகரப் பெட்டிகளையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து அந்த ஊரில் இறங்கினான். கடலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பாத்திகள் கிடக்க, வரப்பு முடிகிற இடத்தில் நாற்பது வீடுகளும் ஒரு சுடலைமாடன் கோயிலும் ஒரு டீக்கடையுமாக ஒட்டிக்கொண்டிருந்த ஊர் அது. மரம் என்று சொல்ல முள் அடர்ந்த உடைமரங்கள்தான். பகலில் வெயில் மேலேயிருந்து ஒரு தடவையும் உப்பிலிருந்து ஒரு தடவையுமாக அடிக்கும். சந்தனமாரியின் அண்ணன் நயினார் அங்கே பதினைந்து வருஷமாக உப்பு வாருகிறவன். அவன்தான் கங்காணி ராசாக்கனியிடம் சொல்லித் தங்கை புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தான்.

உப்பள வேலை விடிவதற்கு முன்னால் தொடங்கி உச்சிக்கு முடிந்துவிடும். அதற்குள் உப்புத் தண்ணீரில் ஊறிய கால்கள் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் உப்பு புகுந்து, பாதம் அடுப்பில் வைத்த மாதிரி காந்தும். வேலை முடிந்த ஆண்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. உப்புக் குவியல்களுக்குப் பின்னால் இருந்த ஓலைக்கொட்டகையில் கால்களை நீட்டி வட்டமாக உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து, ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிப்பார்கள். பலவேசம் நீங்கலாக உப்பளத்தில் மொத்தம் இருபத்து மூன்று ஆண்கள். டம்ளர் இருபத்து மூன்று கைகளையும் சுற்றி வருவதற்குள் பேச்சு சூடாகி, சிரிப்பாகி, சில நாள் அடிதடியாகி, மூன்று மணிக்கு அடங்கும்.

முதல் நாள் டம்ளர் பலவேசத்திடம் வந்தபோது அவன் வாங்கி, அடுத்தவன் கையில் கொடுத்தான்.

"மாப்ள, இது குடி இல்ல, மருந்து," என்றான் நயினார். "ஒரு டம்ளர் உள்ள விட்டீருன்னா, கால் எரிச்சல் எங்க போச்சுன்னு தேடணும்."

"வேண்டாம் மச்சான்."

"கோயிலுக்கு மாலை போட்டிருக்கீரா?"

"இல்ல."

"டாக்டரு எதும் சொன்னாரா?"

"இல்ல. வேண்டாம், அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த செல்லப்பா, மூக்கு சற்று இடப்பக்கம் சாய்ந்த நெட்டை மனிதன், "பேரு பலவேசம், ஆனா ஒரு வேசத்துக்கும் ஒத்துவர மாட்டேங்காரு," என்று சொல்ல, கொட்டகையே சிரித்தது. பலவேசமும் சிரித்தான்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. குடி பிடிக்காதவன் இல்லை பலவேசம். முன்பு இருந்த ஊரில் ஆறு வருஷம் குடித்தவன், குடித்துக் குடித்து அந்த ஆறு வருஷத்தையே தொலைத்தவன். மகள் முதன்முதலில் நடந்த நாள் அவன் மண்டையில் இல்லை. ஒரு நாள் பார்த்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு விட்டான். விட்டு மூன்று வருஷமாகியும் டம்ளர் தன்னைக் கடக்கும்போதெல்லாம் நாக்கின் அடியில் எச்சில் ஊறும், கை தானாக ஒரு விரற்கடை நீளும். அதனால் கொட்டகைக்கு வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வேலை முடிந்தபின் கங்காணி அங்கேதான் வந்து மறுநாள் யாருக்கு எந்தப் பாத்தி என்று பிரித்துச் சொல்வான், வராதவனுக்குப் பாத்தி கிடையாது. ஆகவே பலவேசம் தினமும் கொட்டகையின் ஓரத்துக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, குடிக்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம் பார்ப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

பங்குனி கடைசியில் ஒரு காலை செல்லப்பாவின் மனைவி டீக்கடையில் தன் புருஷனுக்கு வாங்கிய டீயை, அவனோடு உப்பு வாருகிற யாக்கோபிடம் நீட்டினாள். யாக்கோபு வாங்கிக் குடித்தான். பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே முகம் இருப்பதை டீக்கடைக்காரர் கவனித்து, "என்னப்பா, ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்க," என்று கேட்டுவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனார். மறுநாள் ஐந்து பேருக்கு அந்த முகம் வந்தது. ஒன்பதாம் நாள் இருபத்து மூன்று பேருக்கும் வந்துவிட்டது.

அது அந்த ஊரில் யாருடைய முகமும் அல்ல. அழகென்றும் சொல்ல முடியாது, அவலட்சணம் என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் உருண்டை, இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம், வாயின் வலது ஓரம் எதையோ சொல்லிவிட்டுச் சிரிக்கப்போவது மாதிரி லேசாக மேலே ஏறியிருக்கும். கண்கள் எப்போதாவதுதான் இமைக்கும். உடம்பும் குரலும் நடையும் அவரவருடையதாகவே இருக்க, கழுத்துக்கு மேலே மட்டும் அந்த ஒன்று. டிரங்குப் பெட்டிகளைத் திறந்து கல்யாணப் படங்களை எடுத்துப் பார்த்த பெண்கள், அங்கேயும் மாலையும் பட்டுவேட்டியுமாக அந்த முகமே நிற்பதைக் கண்டு படத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள்.

ஒரு வாரம் ஊர் சங்கடப்பட்டது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. பெண்கள் கூடிப் பேசி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூல் என்று வைத்துக்கொண்டு, புருஷன்மாரின் சட்டைக் காலரில் அந்த நூலால் ஒரு பூத்தையல் போட்டார்கள். நயினாருக்குப் பச்சை, செல்லப்பாவுக்கு ஊதா, யாக்கோபுக்கு மஞ்சள். கங்காணி முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நூலைப் பார்த்து ஆஜர் போட்டான். முடிவெட்டுகிறவர், இனிமேல் யார் தலைக்கும் கண்ணாடி காட்ட வேண்டியதில்லை என்று நிம்மதிப்பட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை அழைத்துப் போக வருகிறவர்களிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சின்னப் பிள்ளைகள் சில நாள் அழுதுவிட்டு, எல்லோரையும் அப்பா என்று கூப்பிடத் தொடங்கின. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நன்மைகளும் இருந்தன. சுடலைமாடனுக்குக் கொடைவிழா எடுக்கும்போது முதல் திருநீறு எந்தக் குடும்பத்துக்கு என்று பதினாலு வருஷமாக நடந்துவந்த சண்டை, சட்டையில்லாமல் நின்ற ஆண்களில் யார் எந்தக் குடும்பம் என்று பூசாரிக்கு விளங்காமல் போனதால் அந்தச் சித்திரையோடு தீர்ந்தது. கொட்டகையில் அடிதடியும் நின்றுவிட்டது. ஓங்கிய கைக்கு எதிரே தன் முகமே நிற்கும்போது எவனும் அடிக்கவில்லை. ஊர் இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாளாக ஆக, பெண்கள் தங்கள் புருஷனின் பழைய முகத்தை நினைக்கப் போனால் இந்த முகமே வந்து நின்றது. அதைக்கூட ஒருவரிடம் ஒருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

உப்பளத்து ஆண்களில் மிஞ்சியது பலவேசத்தின் முகம் ஒன்றுதான்.

முதலில் அன்பாகக் கேட்டார்கள். பிறகு கேலியாக. வைகாசியில் கொட்டகைக்குள் அவன் நுழைந்தால் பேச்சு நின்று, இருபத்து மூன்று முகங்கள் ஒரே வாகில் திரும்பி அவனைப் பார்க்கத் தொடங்கின. ஒரு நாள் யாக்கோபு எழுந்து வந்து அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னான்: "உம்ம மேல ஒரு கோவமும் இல்லவே. உம்ம மூஞ்சியப் பாத்தா, நமக்கும் ஒண்ணு இருந்துச்சேன்னு வருது. வந்தா அன்னிக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. அதுக்குத்தான் சொல்லுதோம்."

"நான் வேணா திரும்பி உக்காந்துக்கிடுதேன்," என்றான் பலவேசம். மறுநாளிலிருந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அதுவும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

கங்காணி ராசாக்கனி டவுனிலிருந்து மொபெட்டில் வந்து போகிறவன், கொட்டகையில் உட்காராதவன். அவன் பலவேசத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒருத்தன் மட்டும் விலகி நின்னா மத்தவனுக்கு வேலை ஓடாது. கூட்டத்தோட இரு, இல்லாட்டி வேற ஊரு பாரு," என்றான். அதற்கடுத்த நாளிலிருந்து பலவேசத்துக்குக் கடலோரத்துக் கடைசிப் பாத்தி கிடைத்தது. மண் கலந்த உப்பு விளைகிற, நடக்கவே அரை மணி ஆகிற பாத்தி. தண்ணீர்க் குழாயில் சந்தனமாரியின் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். பள்ளிக்கூடத்தில் மகளிடம், உங்க அப்பாவுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு மூஞ்சி என்று கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம் சந்தனமாரி அவன் கால் வெடிப்புகளுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "ஏங்க, ஒரு வாய் வாங்கி வச்சிருந்துட்டு வெளிய போய்த் துப்பிருங்களேன். எல்லாரையும் போல ஆயிட்டா நம்மள விட்ருவாங்க."

"எனக்குத் துப்ப வராது மாரி," என்றான் பலவேசம். "வாய்க்குள்ள போனா நான் துப்ப மாட்டேன். என்னைய எனக்குத் தெரியும்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் கேட்டத மறந்திருங்க," என்றாள்.

அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பயத்தைக் கொடுத்தது நயினார்தான். முன்பெல்லாம் நயினார் ஒரு நாள் திட்டுவான், ஒரு நாள் கெஞ்சுவான், ஒரு நாள் தங்கச்சி புருஷன் தன் மானத்தை வாங்குவதாகச் சொல்லிக் கண்ணீர் விடுவான். ஆனி பிறந்ததிலிருந்து அப்படி எதுவும் இல்லை. தினமும் சரியாக ஒரே நேரத்தில் எழுந்து வந்து, டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி, அடங்கிய குரலில், "ஒரு வாய்தான் மாப்ள. ஒரு வாயில என்ன இருக்கு," என்பான். நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் ஒரு எழுத்து கூடுவதில்லை, குறைவதில்லை. பலவேசம் தலையாட்டும்வரை நிற்பான். அத்தனை நேரமும் டம்ளரில் இருக்கிற சரக்கு சிறிதும் அசையாது. குரல் நயினாருடைய குரல்தான். அந்தக் குரலைக் கேட்டுப் பலவேசத்தின் பின்கழுத்து முடி ஏன் நிமிர்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. சாராய நெடி மூக்கில் ஏற ஏற, வாங்கிவிட்டால் இந்த நிற்பு முடிந்துவிடுமே என்று அவன் உடம்பே அவனிடம் வாதாடியது. தொடைக்கடியில் வைத்த கைகளில் நகம் பதிந்து ரத்தம் கட்டியது.

அப்படிப் பதினோரு நாள் போயின. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, கடல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய பாத்தியில் மதகு திறக்கப் போன பலவேசம், அடியில் வெள்ளையாக ஏதோ கிடப்பதைப் பார்த்துக் கம்பால் தள்ளினான். அது மெல்ல மேலே வந்து மல்லாந்தது. உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அழுகவில்லை, நாற்றமில்லை, உப்பு அதை அப்படியே வைத்திருந்தது. இடுப்பில் காக்கி அரைக்கால் சட்டை மட்டும் இருந்தது. முகம் அந்த முகம்தான். வாயின் வலது ஓரம் ஏறியிருந்தது.

அவன் கத்தியதைக் கேட்டு ஊர் ஓடிவந்தது. பெண்கள் நாலா பக்கமும் தங்கள் நூலைத் தேடி ஓடினார்கள். பச்சை, ஊதா, மஞ்சள் என்று ஒவ்வொரு காலராகப் பிடித்துப் பார்த்து, பிடித்த கையை விடாமல் நின்றார்கள். கங்காணி பலவேசத்தைத் தவிர மற்ற ஆண்களையெல்லாம் வரப்பில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினான். இருபத்து மூன்று பேர். மறுபடி எண்ணினான். இருபத்து மூன்று பேர் வரப்பில் நின்றார்கள், ஒருவன் கீழே கிடந்தான், ஊரில் யாரும் குறையவில்லை.

"நம்ம ஆள் இல்ல," என்றான் கங்காணி. குரலில் நிம்மதி இருந்தது. "எங்கேயோ விழுந்தவனக் கடலு இங்க கொண்டு தள்ளியிருக்கு. போலீசு, கேசுன்னு போனா உப்பளத்த மூடிருவான். மத்தியானத்துக்குள்ள புதைச்சிருங்க."

நம்ம ஆளுக்கு இருக்கிற முகம் எங்கேயோ விழுந்தவனுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். தூக்க ஆள் வேண்டுமென்றபோது யாரும் முன்வராததால், கடைசிப் பாத்திக்காரன் பலவேசத்தின் தலையில்தான் அதுவும் விழுந்தது. ஒரு பழைய சாக்கை விரித்து, உடம்பை இழுத்துப் போட்டு, காலை நேராக்கப் போனவன் அப்படியே நின்றான்.

இரண்டு பாதத்திலும் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் நகம் வரைக்கும் ஒட்டியிருந்தன.

சந்தனமாரியின் கால் அப்படித்தான் இருக்கும். அண்ணன் நயினாருக்கும் அவர்கள் அப்பாவுக்கும் அப்படித்தானாம். மெட்டி போட முடியாமல் கல்யாணத்தன்று தட்டான் திணறியது இன்னும் வீட்டில் பேச்சு. பலவேசம் நிமிர்ந்து வரப்பைப் பார்த்தான். பச்சை நூல் போட்ட சட்டைக்காரன் வரிசையின் கோடியில் நின்றான். உப்பு வெளுத்த வரப்பில் அவன் கால்விரல்கள் பத்தும் தனித்தனியாகப் பிரிந்து பதிந்திருந்தன. வெடிப்பே இல்லாத கால்கள். அப்போதுதான் இறக்கி வைத்த குழந்தையின் கால்கள்போல் இருந்தன.

பலவேசம் சந்தனமாரியைக் கூப்பிட்டு, சாக்கில் கிடந்த கால்களைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். அந்த விரல்களைத் தன் கையால் மூடினாள். அவளிடமிருந்து வந்த சத்தம் அழுகையாகத் தொடங்கவில்லை. மூச்சு உள்ளேயே இழுத்துக்கொண்டு போய், போய்க்கொண்டே இருந்து, பிறகுதான் வெளியே வந்தது.

"இது எங்க மச்சான்," என்றான் பலவேசம் எல்லோருக்கும் கேட்க. "நயினார்."

பச்சை நூல்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கொட்டகையிலிருந்து எப்போது எடுத்து வந்தானோ, அவன் இரண்டு கையிலும் டம்ளர் இருந்தது. தளும்ப இருந்தது.

"ஒரு வாய்தான் மாப்ள," என்றான். "ஒரு வாயில என்ன இருக்கு. குடிச்சா இதெல்லாம் தெரியாது."

நெடி காற்றில் வந்தது. அந்தக் கணத்தில் பலவேசத்துக்குக் குடிக்க வேண்டும் போலிருந்ததைப் போல் அவன் வாழ்நாளில் இருந்ததில்லை. கால் எரிந்தது. சந்தனமாரியின் சத்தம் காதுக்குள் எரிந்தது. மச்சானின் செத்த முகம், தினமும் நின்று கேட்ட முகம், சுற்றி நின்ற இருபத்திரண்டு முகம் எல்லாம் ஒன்றாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வாய் போதும், எதுவும் தெரியாது, மச்சான் உயிரோடு நிற்கிறான் என்று தானும் நம்பிவிடலாம், ஊரும் விட்டுவிடும். அவன் கை ஒரு சாண் நீண்டுவிட்டது. டம்ளரின் குளிர்ச்சி விரல்நுனியில் பட்டது.

"எனக்குத் தெரியணும்," என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டான்.

பெரிதாக எதையும் சொல்லவில்லை, டம்ளரைத் தட்டிவிடவும் இல்லை. குனிந்து, மச்சானின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அது கனமாக இருந்தது. "நல்ல தண்ணி ஒரு குடம் கொண்டு வா மாரி," என்றான்.

அப்போது பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து நயினாரின் மனைவி தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். ஊர் ஓடிவந்தபோது பச்சை நூல் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். சந்தனமாரி போவதற்கு முன்னால், தானே குழாயடிக்கு நடந்து போய், தன் குடத்தில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் வருகிற காலடிச் சத்தம் உப்பில் நொறுநொறுவென்று கேட்டது.

"அக்கா," என்றான் பலவேசம்.

"எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் அவள், குடத்தை இறக்கியபடி. "பதினோரு நாளாத் தெரியும். மொத நாளே கையத் தொட்டதும் தெரிஞ்சிபோச்சு. அடிக்கல, ஏசல, நேரத்துக்கு வந்தாரு, போட்டத சாப்பிட்டாரு. ராத்திரியில தூங்கல, சும்மா சுவரப் பாத்து உக்காந்திருந்தாரு. அதுவும் பழகிரும்னு நெனச்சேன். பன்னெண்டு வருசத்துல எனக்கு இப்படி ஒரு பதினோரு நாள் கெடச்சதில்ல. அதான் வாயத் தொறக்கல." அவள் கீழே கிடந்தவனைப் பார்த்தாள். "இந்த மனுசன் தண்ணிக்குள்ள கெடந்திருக்காரு."

அவள் உட்கார்ந்து, முந்தானையை நனைத்து, அந்த முகத்தின் மேல் பூத்திருந்த உப்பைத் துடைத்தாள். துடைக்கும்போது அவன் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவள் சொன்னாள், "நயினாரு, ஆறுமுகநயினாரு," என்று, தூங்குகிறவனை வேலைக்கு எழுப்புகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். குடத்துத் தண்ணீர் பாதியானபோது இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம் கரைந்து வழிந்தது. வாயின் ஓரம் கீழே இறங்கியது. அடர்ந்த புருவம் வந்தது, முன்பல் ஒன்று உடைந்த வாய் வந்தது, தாடையில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு வந்தது. தண்ணீர் தீர்ந்தபோது தங்கபுஷ்பத்தின் முன்னால் நயினார் கிடந்தான், முப்பத்தெட்டு வயது, களைத்த முகம்.

பச்சை நூல்காரன் டம்ளரோடு அங்கேயே நின்றான். அவனை யாரும் துரத்தவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. நயினாரை ஊர் கூடித்தான் எடுத்தார்கள். கங்காணி மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் சடங்கெல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தபோது, பச்சை நூல்காரன் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தான். தங்கபுஷ்பம் அவன் சட்டையைக் கேட்டு வாங்கி, பச்சை நூலைப் பிரித்து எடுத்துக்கொண்டு, சட்டையை அவனிடமே கொடுத்தாள்.

மறுநாள் உச்சிக்கு ஆண்கள் வழக்கம்போலக் கொட்டகைக்குப் போனார்கள். டம்ளர் சுற்றியது. நூல் பிரித்த சட்டைக்காரனையும் சேர்த்து இருபத்து மூன்று கைகளைச் சுற்றியது. ஒரு சாவைப் பார்த்துவிட்டு அளத்தடி குடியை விட்டுவிட்டது என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அன்று வழக்கத்தைவிட இரண்டு பாட்டில் கூடுதலாகவே திறந்தார்கள்.

மூன்றாம் நாள், டம்ளர் செல்லப்பாவிடம் வந்தபோது அவன் அதை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். பலவேசம் சாய்ந்திருந்த கம்பத்துக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

"மணி என்ன?" என்றான்.

"ஒண்ணே கால்."

"மூணு வரைக்கும் எதாவது பேசிக்கிட்டு இரும். நிறுத்தாதேயும்."

பலவேசம் உப்பைப் பற்றிப் பேசினான். மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினான். பேச்சு தீர்ந்தபோது செல்லப்பா மெதுவாகக் கேட்டான்: "நீரு வந்த புதுசுல எனக்கு என் மூஞ்சி இருந்துச்சு, இல்லையா. எங்க வீட்டுக்காரிக்கு மறந்துபோச்சு. எனக்கும் மறந்துபோச்சு. உமக்கு எதாவது ஞாபகம் இருக்கா?"

பலவேசத்துக்கு இருந்தது. செல்லப்பாவின் முகம் மட்டும் இல்லை, யாக்கோபின் முகம், மற்ற எல்லோரின் முகமும் இருந்தது. இரண்டு மாதம், தினமும் இரண்டு மணி நேரம், குடிக்காமல் வேறு வேலையின்றி ஓரத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தவன் ஊரில் அவன் ஒருவன்தான். அவன் செல்லப்பாவின் நெற்றியிலிருந்து தொடங்கினான். நெற்றி ஏறியிருக்கும், நடுவில் மூன்று கோடு, சிரித்தால் நாலாகும். இடது புருவத்தில் ஒரு வெள்ளை முடி. கண் சின்னது, ஆனால் ஓயாமல் இமைக்கும். செல்லப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இமைகள் துடித்தன.

அப்போது கம்பத்தின் நிழலில் இன்னொருவன் வந்து குந்தி உட்கார்ந்தான். காலரில் நூலில்லாத சட்டை. வெடிப்பில்லாத கால்கள். கையில் டம்ளர் இல்லை. பலவேசத்தின் முகத்தையே பார்த்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, நயினாரின் குரலில் இல்லாத, யாருடைய குரலிலும் இல்லாத ஒரு குரலில் அது கேட்டது: "எனக்கு?"

பலவேசத்தின் பின்கழுத்து சில்லிட்டது. ஆனாலும் அவன் அந்த முகத்தைக் கவனமாகப் பார்த்தான். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

"உன்னய நான் பாத்ததே இல்ல," என்றான்.

அது தலையாட்டியது. எழுந்து, உப்புக் குவியல்களுக்கு நடுவே புகுந்து, வரப்பின்மேல் கடல் இருக்கும் பக்கம் நடந்தது. அந்த வெளிச்சத்தில் கொஞ்ச தூரத்திலேயே அதன் சட்டை எது, உப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கொட்டகைக்குள் டம்ளர் ஒரு கையில் நின்று, அடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தது.

செல்லப்பா கண்ணைத் திறக்கவில்லை. "ஏன் நிறுத்திட்டீரு," என்றான். "கண்ணு வரைக்கும் சொன்னீரு."

பலவேசம் மணியைப் பார்த்தான். ஒன்று ஐம்பது.

"மூக்கு," என்று தொடங்கினான்.